‘நேச்சுரல்தானே’ என்று பாசி மாத்திரையை விழுங்கலாமா?

காலையில் வெறும் வயிற்றில் ஆறு பச்சை மாத்திரை. என்னன்னு கேட்டால், “மருந்தெல்லாம் இல்லப்பா, நேச்சுரல்” என்று பதில் வரும். ஸ்பைருலினா, குளோரெல்லா டப்பாக்கள் இப்போது ஜிம் பையிலும் ஆபீஸ் டிராயரிலும் சாதாரணமாகக் கிடக்கின்றன. பாசி கெட்டது என்று சொல்ல வரவில்லை. ‘நேச்சுரல்’ என்ற ஒரே வார்த்தையை நம்பி, ஒரு கேள்விகூட கேட்காமல் விழுங்குகிறோமே, அதுதான் பிரச்னை.

எங்கே வளர்ந்தது?

நாம் பாசி என்று சொல்லும் ஸ்பைருலினா, சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர் வகை. இந்தக் கூட்டத்தில் சில வகைகள் ‘மைக்ரோசிஸ்டின்’ என்ற நச்சை உருவாக்கும். அது கல்லீரலைத் தாக்கும். ஸ்பைருலினா பொதுவாக இந்த நச்சைத் தயாரிப்பதில்லை. ஆனால், வளரும் தண்ணீரில் நச்சு வகைகள் கலந்துவிட்டால், எல்லாம் சேர்ந்தே அறுவடையாகி மாத்திரையாகிவிடும். ஈயம், ஆர்சனிக் போன்றவை தண்ணீரில் இருந்தால் அதையும் பாசி உறிஞ்சிக்கொள்ளும்.

இது வெறும் பயம் இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள அப்பர் கிளாமத் ஏரியில், தானாக வளரும் நீலப்பச்சைப் பாசியை அறுவடை செய்து சப்ளிமென்ட்டாக விற்கிறார்கள். அத்தகைய தயாரிப்புகளைச் சோதித்து 2000-ல் வெளியான ஆய்வில், 87 மாதிரிகளில் 85-ல் மைக்ரோசிஸ்டின் இருந்தது. அதில் 63 மாதிரிகள், அந்த மாநிலம் வகுத்த வரம்பான ஒரு கிராமுக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன.

பி12 கிடைக்குமா?

சைவம் சாப்பிடுபவர்கள் பலர் இதற்காகவே ஸ்பைருலினா வாங்குகிறார்கள். ஆனால், அதில் பெருமளவு இருப்பது ‘போலி பி12’. பார்க்க பி12 மாதிரியே இருக்கும், நம் உடலுக்குப் பயன்படாது. பழைய பரிசோதனை முறைகள் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடும் என்பதால் லேபிளில் பெரிய எண் வரலாம். அதை நம்பி இருந்தால், கை கால் மரத்துப்போகும்போதுதான் குறைபாடு தெரியவரும். நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகலாம்.

புரதமும் அப்படித்தான். அரை கிராம் மாத்திரை ஆறு போட்டால் மொத்தம் 3 கிராம். அதில் புரதம் 2 கிராம்கூட தேறாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கு.

யார் உஷாராக இருக்கணும்?

லூபஸ் போன்ற ஆட்டோஇம்யூன் பிரச்னை உள்ளவர்கள், கல்லீரல் நோயாளிகள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். குளோரெல்லாவில் வைட்டமின் கே இருப்பதால், வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அந்த மருந்தின் பலன் குறையலாம். கெல்ப் என்ற கடல்பாசி மாத்திரையில் அயோடின் அதிகமாகி, தைராய்டைக் குழப்பலாம். குழந்தைகளின் உடல் எடை குறைவு என்பதால், அதே அளவு நச்சு அவர்களை அதிகம் பாதிக்கும்.

என்ன செய்யலாம்?

சுத்தமான தொட்டியில், கட்டுப்பாட்டோடு ஸ்பைருலினா வளர்க்க முடியும். தமிழ்நாட்டிலேயே அப்படிப்பட்ட பண்ணைகள் இருக்கின்றன. ஒழுங்காக வளர்ப்பவர்கள் பரிசோதனைக்குப் பயப்பட வேண்டியதில்லை. எனவே, ஒவ்வொரு பேட்ச்சின் நச்சு, உலோகப் பரிசோதனை முடிவும் டப்பாவில் க்யூஆர் கோடாக இருப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை நாமே கேட்போம்: எந்தப் பாசி, எங்கே வளர்ந்தது, ரிப்போர்ட் எங்கே? பதில் வராத டப்பாவை கார்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மறக்காமல் சொல்லிடுங்க. ‘இது மருந்து இல்லையே’ என்று நாம் மறைப்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயமாக இருக்கலாம்.