மார்கழியில் வராத பொட்டலம்

ஆண்டுதோறும் திருவாதிரைக்குச் சில நாட்கள் முன்பாக எங்கள் இல்லத்துக்கு ஒரு சிறு பொட்டலம் வந்து சேரும். உள்ளே ஒரு கைப்பிடி ஏலக்காயும், ‘களிக்கு’ என்று எழுதிய துண்டுச் சீட்டும் இருக்கும். அனுப்புகிறவர் என் பள்ளித் தோழர். இளமையிலேயே ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதச் சென்று, போடிமெட்டிலேயே தங்கிவிட்டவர். “ஒருமுறை வந்து போயேன்” என்று அவர் அழைப்பதும், “அடுத்த ஆண்டு நிச்சயம்” என்று நான் சொல்வதும் முப்பது ஆண்டு வழக்கம்.

சென்ற மார்கழியில் பொட்டலம் வரவில்லை. தொலைபேசியில் கேட்டேன். “அனுப்புகிறேனப்பா” என்றாரே தவிர, காரணம் சொல்லவில்லை.

அப்போது சேரமான் பெருமாள் நாயனார் என் நினைவுக்கு வந்தார். அவர் நாள்தோறும் பூசையை நிறைவு செய்கையில் கூத்தப்பிரானின் சிலம்பொலி கேட்கும். ஒருநாள் அவ்வொலி கேட்கவில்லை. தம் பூசையில் பிழை நேர்ந்ததோ எனக் கலங்கி, உயிர்விடத் துணிந்து உடைவாளை எடுத்தார். உடனே சிலம்பொலி எழுந்தது. தில்லையில் சுந்தரர் பாடிய பதிகத்தில் திளைத்திருந்ததே தாமதத்துக்குக் காரணம் என்று இறைவன் உணர்த்தியதாகச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அருளுகிறார். அந்த அன்பரைக் காணாமல் சேரமானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தில்லையை வணங்கித் திருவாரூர் சென்று, முன்பின் பார்த்திராத சுந்தரரை அடைந்து தோழமை பூண்டார். ஒலி ஒன்று தாமதித்ததற்கே ஓர் அரசர் அத்தனை தூரம் சென்றார். எனக்கென்ன தடை?

ரயில் இல்லை என்று முன்பெல்லாம் சாக்குச் சொல்வேன். அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்ற போடி ரயில், 2023 ஜூனில் மீண்டும் வந்துவிட்டது. தை மாதத்து வெள்ளிக்கிழமை இரவு சென்னை சென்ட்ரலில் ஏறி, மறுநாள் காலை போடிநாயக்கனூரில் இறங்கினேன். சுப்பிரமணிய சுவாமியைத் தரிசித்துவிட்டுப் பேருந்தில் அமர்ந்தேன். முந்தல் கடந்ததும் மலை தொடங்கியது. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடித்ததும் குளிர்காற்றோடு போடிமெட்டு வந்தது.

வாசற்படியில் அமர்ந்திருந்த தோழர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குரல் வந்த திசையைப் பார்த்தார். கண்ணழுத்த நோய் பார்வையில் பெரும்பகுதியைக் கொண்டுபோயிருந்தது. “சொன்னால் நீ வருத்தப்படுவாய்” என்றார். பூசை மாடத்தில் அந்தப் பொட்டலம் கட்டியபடியே இருந்தது. முகவரி மட்டும் இல்லை. “உன் பெயரை வேறொருவரை எழுதச் சொல்ல மனம் வரவில்லை” என்றார். நான் வாயடைத்து நின்றேன். முப்பது ஆண்டுகளில் ஒருமுறை வந்திருந்தால், அந்தக் கண்கள் என்னைக் கண்டிருக்குமே!

ஞாயிறு காலை, ஏலக்காய் உலர்த்தும் கூடத்துக்கு என் தோளைப் பற்றியபடி வந்தார். ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும் என்று விளக்கினார். ஒரு பிடி அள்ளி, விரலாலும் மணத்தாலுமே தரம் பிரித்துக் காட்டினார். “இதற்குக் கண் வேண்டாம்” என்று சிரித்தார்.

சேரமான் ஒருமுறை வந்ததோடு அந்த நட்பு நின்றுவிடவில்லை. சுந்தரரும் சேரநாடு சென்றார். பின்னர் மறுமுறையும் சென்றார். இருவரும் ஒன்றாகவே கயிலை சேர்ந்தனர். ஆடிச் சுவாதியில் இருவருக்கும் ஒரே நாளில் குருபூசை நடக்கிறது.

மாலையில் புறப்படும் முன், உறைகள் வாங்கி வந்து என் முகவரியை என் கையாலேயே எழுதினேன். “எத்தனை எழுதட்டும்?” என்றேன். எங்கள் இருவருக்கும் வயது 76. சற்றே யோசித்து, “பத்து எழுது” என்றார். எழுதி வைத்துவிட்டு வந்தேன். வரும் தையில் மீண்டும் வருவதாக வாக்கும் கொடுத்திருக்கிறேன்.

அன்பர்களே, வழக்கமாக வரும் ஒரு கடிதமோ, ஒரு குரலோ உங்களுக்கும் நின்றுபோயிருக்கலாம். தொலைபேசியில் காரணம் கேட்டதோடு நின்றுவிடாதீர்கள். புறப்படுங்கள்.