எல்லாம் மண்தானே?



புதுச்சேரிக்குப் போய்வரும் நண்பர்கள் தவறாமல் சொல்லும் குறை ஒன்று உண்டு. "ஒரு காபிக் குவளைக்கு இவ்வளவு விலையா? எல்லாம் மண்தானே?" மண்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விலையில் மண்ணின் பங்கு மிகக் குறைவு. மீதி எங்கே போகிறது என்று தேடியதில்தான் இந்த இதழின் சிறப்புப் பகுதி உருவானது.

முதலில் இந்தக் குவளைகள் வந்த வழி. தில்லியில் மட்பாண்டக் கலைஞர் குருசரண் சிங் ஜப்பானில் கற்று வந்த தொழிலைக் கொண்டு 'டெல்லி ப்ளூ பாட்டரி'யை முன்பே தொடங்கிவிட்டார். நம் பக்கத்துக் கதை 1971இல் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் புதுச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யை நிறுவினார்கள். டெபோரா ஜப்பானின் பிஸன் ஊரில் தொழில் பழகியவர். ரே கட்டடக்கலை படிக்கப் போய் மண்ணுக்குத் தாவியவர். பழைய ஆசை விடவில்லை போலும். பின்னாளில் பத்து வருடங்களுக்கு மேலாகப் பச்சை மண் செங்கல்லில் வளைகூரை வீடுகள் கட்டி, உள்ளே செங்கல்லும் ஓடும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கி எரித்துப் பார்த்தார். ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலியின் சோதனைகள் அவருக்குத் தூண்டுதல். ஆரோவில்லில் உள்ள 'அக்னி ஜாதா' அப்படிச் சுட்டெடுத்த வீடு.

குவளைக்கு வருவோம். நம் ஊர்ப் பானை ஆயிரம் டிகிரிக்கும் குறைந்த சூட்டில் வேகிறது. அதன் உடம்பில் நுண்துளைகள் தங்குகின்றன, அவற்றின் வழியே நீர் கசிந்து ஆவியாகிறது, பானைத் தண்ணீர் குளிர்கிறது. ஸ்டோன்வேர் எனப்படும் இந்தக் குவளைக்கு 1250 முதல் 1300 டிகிரி வரை வேண்டும். அந்தச் சூட்டில் மண் இறுகிக் கல்லாகிவிடும், நீர் உறிஞ்சாது. இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்பதில் பொருளில்லை. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

இந்தக் குவளையைப் பெரும்பாலும் இரண்டு முறை சுடுகிறார்கள். முதல் சூடு மண்ணை உறுதியாக்க. பிறகு கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்து மறுபடி சூளைக்குள் வைக்கிறார்கள். கிளேஸ் என்பது வேறொன்றுமில்லை, உருகிய கல்லின் மேல்தோல். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், சுண்ணாம்பு, வெள்ளைக் களிமண், சில பட்டறைகளில் விறகுச் சாம்பலும் சேரும். வண்ணத்துக்கு இரும்பும் செம்பும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: வண்ணத்தைக் கடைசியில் முடிவு செய்வது காற்று. சூளைக்குள் காற்று தாராளமாகப் போனால் இரும்பு தேன் நிறமோ பழுப்போ தரும். புகைபோக்கியின் வழியைக் குறுக்கிக் காற்றைப் பட்டினி போட்டால், தீ தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கிளேஸிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். அப்போது அதே இரும்பு, சிறிதளவே சேர்த்திருந்தால், சாம்பல் கலந்த பச்சை ஆகும். பச்சையாக வரவேண்டிய செம்பு இரத்தச் சிவப்பாகும். உப்புச் சூளை இன்னும் வேடிக்கை. உச்சச் சூட்டில் கல்லுப்பை உள்ளே வீசுகிறார்கள். அது ஆவியாகி, மண்ணில் உள்ள சிலிக்காவோடு சேர்ந்து, ஆரஞ்சுத் தோல் போன்ற பரப்பைத் தருகிறது. அங்கே கிளேஸ் பூசும் வேலையை நெருப்பே செய்துவிடுகிறது.

சூடு போதுமா என்று பார்க்கச் சுண்டுவிரல் உயரக் கூம்புகளைச் சூளையின் பார்வைத் துளைக்கு நேராக நிற்க வைத்திருப்பார்கள். குறித்த சூட்டில் கூம்பு தலைசாயும். எரிப்பு நிறுத்தியதும் ஆற விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் விரிசல். ஒரு எரிப்பு பிசகினால் பல வார உழைப்பு முழுவதும் போச்சு. விலையில் ஒளிந்திருப்பது இந்த ஆபத்துதான்.

கோல்டன் பிரிட்ஜின் பெரிய சாதனை அதன் குவளைகள் அல்ல, அது கற்றுக்கொடுத்தது என்பது என் கணிப்பு. கிளேஸ் கலவையை இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கும் தொழிலில், வந்தவர்களுக்கெல்லாம் சூளையைத் திறந்துவிட்டார்கள். ஆரோவில்லில் 'மண்டலா பாட்டரி'யில் வேலை செய்யும் ஆதில் ரைட்டர், வினீத் காக்கர், மாத்வி சுப்ரமணியன், ஆர்த்தி விர் என்று அங்கே பயின்றவர்களின் வரிசை நீளம். 2018இல் ஜெய்ப்பூர் ஜவாஹர் கலா கேந்திரத்தில் நடந்த இந்தியாவின் முதல் செராமிக்ஸ் டிரையன்னாலே கண்காட்சியை முன்னின்று நடத்திய குழுவிலும் இவர்களில் சிலர் இருந்தார்கள். கோல்டன் பிரிட்ஜில் வேலைக்குச் சேர்ந்த உள்ளூர்க்காரர்கள் பலரும் தொழிலைக் கற்று வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டார்கள். புதுச்சேரிக் கடைகளில் இன்று நாம் பார்க்கும் குவளைகளில் பல அவர்களுடையவை. ஆனால் கண்காட்சி அட்டவணைகளில் அவர்கள் பெயரைக் காண்பது அபூர்வம்.

அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஸ்டுடியோ கலைஞர் தன் குவளையின் அடியில் கையெழுத்திடுகிறார். ஐயனார் குதிரை செய்யும் வேளாருக்கு அந்த வழக்கமும் இல்லை, அந்த விலையும் இல்லை. ஏரி மண் எடுக்க அனுமதி கேட்டு அவர் அலுவலகப் படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. புதுச்சேரி வில்லியனூரின் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது, மகிழ்ச்சி. அவரைப் போல் வெளியே தெரிந்தவர்கள் எத்தனை பேர்? குவளைக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, பொங்கல் பானைக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிறவர்களும் நாம்தான். (நானும் சேர்த்தி.)

சிறப்புப் பகுதியைப் படித்துவிட்டு எழுதுங்கள். உங்கள் ஊரில் இன்னும் சக்கரம் சுற்றுகிற வீடு இருந்தால் அதைப் பற்றியும் எழுதுங்கள்: என்ன செய்கிறார்கள், மண் எங்கிருந்து வருகிறது, என்ன விலைக்குப் போகிறது. அவர்கள் சம்மதித்தால் ஒரு படமும் அனுப்புங்கள். வரும் இதழ்களில் அவர்களுக்குப் பக்கம் ஒதுக்குகிறோம், பெயரோடு.

அன்புடன்,
ஆசிரியர்