மாடி டிஷ்ஷும் மின்னலும்: 'தனி எர்த்' பற்றிச் சங்கத்தின் நிலைப்பாடு

கேபிள் போய்ச் சேராத ஊர்களில் வங்கிக் கிளை, ஏ.டி.எம்., பெட்ரோல் பங்க் பலவும் வி-சாட் எனும் செயற்கைக்கோள் டிஷ்ஷை நம்பித்தான் இயங்குகின்றன. அந்த டிஷ்ஷோ மொட்டை மாடியில், வெட்டவெளியில் நிற்கிறது. சித்திரைக் கோடை இடியானாலும் ஐப்பசி அடைமழை இடியானாலும் அதற்கு மறைப்பு இல்லை. கட்டடத்தின் எர்த்தோடு இணைக்காமல் டிஷ்ஷுக்கென்று தனி எர்த் போடும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும் என்பதே டிஷ் நிறுவும் தொழில்நுட்பர் சங்கத்தின் நிலைப்பாடு.

குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கை இந்தத் தொழிலில் ஊறிப்போயிருக்கிறது. குழி இருக்கட்டும், அதைத் தனியே விடுவதுதான் வினை. சாதாரண மின்னல் ஒன்றின் உச்ச மின்னோட்டம் சுமார் 30,000 ஆம்பியர். குழியின் மின்தடை 10 ஓம் என்றால், அந்தக் கணத்தில் டிஷ்ஷின் உலோகம் 3 லட்சம் வோல்ட்டுக்கு ஏறும். உள்ளே இருக்கும் மோடமோ மின் இணைப்பு வழியாகக் கட்டடத்தின் எர்த்தைச் சார்ந்தது. இரண்டுக்கும் நடுவே ஓடுவது கோஆக்சியல் கேபிள். மின்னல் அதன் வழியே மோடத்துக்குள் புகுந்து பவர் சப்ளை பக்கம் பாயும். அப்போது மோடத்தில் கை வைத்திருக்கும் ஊழியரின் உயிருக்கே ஆபத்து. இரண்டு எர்த்தையும் தடித்த செம்புக் கம்பியால் இணைத்திருந்தால் எல்லாம் சேர்ந்தே ஏறி இறங்கும். கருவிக்குக் குறுக்கே வரும் மின்னழுத்தம் வெகுவாகக் குறையும்.

ஆன்டெனா பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 60728-11 தரம் இந்தக் கம்பிக்குக் குறைந்தது 16 சதுர மில்லிமீட்டர் செம்பு கேட்கிறது. மிச்சக் கம்பியைச் சுருட்டித் தொங்கவிடவும் கூடாது. மைக்ரோ வினாடிக்கு 10,000 ஆம்பியர் வேகத்தில் மின்னோட்டம் ஏறும்போது, நேரான கம்பியிலேயே மீட்டருக்கு ஏறக்குறைய 10,000 வோல்ட் உருவாகும்; சுருட்டினால் அது இன்னும் கூடும்.

பல மாடிகளில் எர்த்தின் பச்சைக் கம்பி நுனி டிஷ் கம்பத்தின் பெயின்ட் மேலேயே இரண்டு சுற்றுச் சுற்றி விடப்பட்டிருக்கிறது. பெயின்ட்டைச் சுரண்டி, லக் வைத்து, போல்ட்டை முறுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கடலோர ஊர்களில் அந்தப் போல்ட்டை ஆண்டுதோறும் மழைக்கு முன் பார்த்தாக வேண்டும். உப்புக்காற்று அதை விட்டுவைப்பதில்லை.

கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்திலேயே அதன் வெளியுறையை எர்த் செய்து சர்ஜ் அரெஸ்டர் பொருத்த வேண்டும். மின்சார வழியிலும் ஒன்று தேவை. வீட்டு டி.டி.எச். டிஷ்ஷைக் கூரை விளிம்புக்கு 2 மீட்டருக்கும் கீழே, சுவரிலிருந்து 1.5 மீட்டருக்குள் பொருத்தினால் அதே தரம் எர்த்தை வற்புறுத்துவதில்லை. சிக்னல் கிடைக்குமானால் அந்த இடமே நல்லது.

இவ்வளவு செய்தாலும் நேரடியாக இடி விழுந்தால் டிஷ்ஷும் அதில் சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யும் போகலாம். சங்கம் அதை மறைக்கவில்லை. முதலில் காக்க வேண்டியது உள்ளே இருக்கும் ஆட்களை. அதனால் எர்த் வேலையை 'விரும்பினால்' என்று தனிக் கட்டணத்தில் தள்ளாமல், நிறுவல் விலைக்குள்ளேயே சேர்க்க வேண்டும்.

டிஷ் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போடும் முன், இரண்டு எர்த்தையும் இணைக்கும் கம்பியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.