பேதி பரவுதா? முகாம் மட்டும் போதாது, குழாயைப் பாருங்க!

காரைக்காலில் 2022 ஜூலையில் வாந்தி, பேதியால் நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். காலராவும் உறுதியானது. பொது சுகாதார அவசரநிலை பிரகடனம், பள்ளிகளுக்கு லீவு என ஊரே கலங்கியது.

செய்யாற்றங்கரை மாகறல் போன்ற சின்ன ஊர்களுக்கும் இது பாடம். கூலியை நம்பும் வீட்டில் ஒருவர் படுத்தாலே அடுப்பு எரியாது. பேதி கண்டதும் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கரைத்து அடிக்கடி கொடுங்க. 1971ல் மேற்கு வங்க அகதிகள் முகாமில் காலரா பரவி குளுகோஸ் பாட்டில் தட்டுப்பாடு வந்தபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலை வைத்துத்தான் ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்.

ஆனால் மலத்தில் ரத்தம், சளி வந்தால் அது சீதபேதி. கரைசல் மட்டும் போதாது, டாக்டரிடம் போயே ஆகணும்.

ஒரே தெருவில் 2, 3 பேர் படுத்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே சொல்லணும். டேங்கில் குளோரின் போடாமல், உடைந்த குழாயை மாற்றாமல் முகாம் மட்டும் நடத்தினால், குணமாகிப் போனவரே மறுபடி வந்து நிற்பார்!