வெயில் பொது, லாபம் யாருக்கு?

கொச்சி சர்வதேச விமான நிலையத்தில் 2015 ஆகஸ்ட் 18-ஆம் தேதி 12 மெகாவாட் திறன் கொண்ட சூரிய மின்நிலையத்தை அன்றைய கேரள முதல்வர் உம்மன் சாண்டி தொடங்கி வைத்தார். 45 ஏக்கர் நிலத்தில் 46 ஆயிரத்துக்கும் அதிகமான சூரியத் தகடுகள். செலவு சுமார் 62 கோடி ரூபாய். முழுவதும் சூரிய சக்தியால் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. 2018-இல் ஐக்கிய நாடுகள் சபையின் உயரிய சுற்றுச்சூழல் விருதும் தேடி வந்தது.

ஆனால், அந்த நிர்வாகத்தைச் சூரியன் பக்கம் திருப்பியது விருதின் மீதான ஆசை அல்ல. மாதந்தோறும் வந்த மின்கட்டணப் பட்டியல். நாளொன்றுக்கு 50 ஆயிரம் யூனிட் என்று கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.8 கோடி யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் மிச்சம் என்று கணக்கிட்டாலும் ஆண்டுக்கு சுமார் 11 கோடி ரூபாய். போட்ட முதல் ஆறு ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும். தகடுகளின் ஆயுளோ 25 ஆண்டுகள். பகலில் எஞ்சிய மின்சாரத்தை மாநில மின்வாரியத்தின் கட்டமைப்புக்குக் கொடுத்து, இரவில் திரும்பப் பெறுகிறது விமான நிலையம்.

சூரிய மின்சாரம் என்றாலே சுற்றுச்சூழல், புவி வெப்பம் என்று பேசத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. தொழில் நடத்துவோரைப் பொருத்தவரை அது முதலில் வரவு செலவுக் கணக்கு. அந்தக் கணக்கு இன்று யாருக்குச் சாதகமாக இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதுதான் நாடாளுமன்றம் விவாதித்திருக்க வேண்டிய கேள்வி.

இந்தியாவில் வணிக நிறுவனங்களும் தொழிற்சாலைகளும் மின்சாரத்துக்கு அதன் அடக்க விலையைவிடக் கூடுதலாகச் செலுத்துகின்றன. விவசாயிகளுக்கும் ஏழைக் குடும்பங்களுக்கும் குறைந்த விலையில் மின்சாரம் வழங்குவதால் ஏற்படும் இழப்பின் ஒரு பகுதி இவர்கள் தலையில் ஏற்றப்படுகிறது. குறுக்கு மானியம் என்பது இதன் பெயர். சராசரி அடக்கச் செலவிலிருந்து கட்டணம் 20 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் மத்திய மின்கட்டணக் கொள்கை கூறியது. பல மாநிலங்களில் அது ஏட்டளவிலேயே நிற்கிறது.

மறுபுறம், சூரிய மின்சாரத்தின் விலை சரிந்துகொண்டே வந்தது. தேசிய சூரிய சக்தித் திட்டம் தொடங்கப்பட்ட 2010-ஆம் ஆண்டில் நடந்த முதல் ஏலத்தில் யூனிட் 10 ரூபாய்க்கும் அதிகமாகக் கேட்கப்பட்டது. 2017-இல் மத்தியப் பிரதேச மாநிலம் ரேவா ஏலத்தில் முதலாண்டு விலை 2 ரூபாய் 97 காசாகவும், அதே ஆண்டு ராஜஸ்தானின் பட்லாவில் 2 ரூபாய் 44 காசாகவும் இறங்கியது. பாலைவனப் பெருந்திட்டங்களின் விலை மேற்கூரைக்கு அப்படியே பொருந்தாது. எனினும் திசை ஒன்றுதான்.

நூறு கிலோவாட் திறனுள்ள மேற்கூரை நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுமார் 10 ஆயிரம் சதுர அடி கூரை வேண்டும். செலவு 50 லட்சம் ரூபாய் என்றும், கிடைக்கும் மின்சாரம் ஆண்டுக்கு 1.4 லட்சம் யூனிட் என்றும், வெளியில் வாங்கும் மின்சாரத்தின் விலை யூனிட் 8 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 11 லட்சம் ரூபாய் மிச்சம். தகடுகளைக் கழுவுவது, பராமரிப்பது ஆகிய செலவுகள் போக, ஐந்தாண்டு அளவில் முதல் திரும்பும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருமுறை இன்வெர்ட்டரை மாற்ற வேண்டியிருக்கும். தகடுகளின் திறனும் ஆண்டுதோறும் சிறிது குறையும். இவற்றைக் கழித்த பின்னும், இத்தனை உறுதியான வருவாய் தரும் முதலீடுகள் தொழில் உலகில் அதிகமில்லை.

இதற்கு மேல் வரிச்சலுகை வேறு. சாதாரண இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானம் கழிக்க அனுமதிக்கும் வருமான வரிச் சட்டம், சூரிய மின்கருவிகளுக்கு 40 சதவீதம் அனுமதிக்கிறது. 2017 மார்ச் வரை இது 80 சதவீதமாக இருந்தது. மேற்கண்ட 50 லட்சம் ரூபாய் நிலையத்துக்கு முதலாண்டில் 20 லட்சத்தைக் கழிக்கலாம். 25 சதவீத வரி செலுத்தும் நிறுவனத்துக்கு அந்த ஆண்டில் 5 லட்சம் ரூபாய் வரி குறையும். வரி தள்ளுபடியாவதில்லை, பின்னால் கிடைக்கும் கழிவு முன்னதாகக் கிடைக்கிறது, அவ்வளவே. ஆயினும், கைக்கு முன்னதாக வரும் பணத்தின் மதிப்பு தொழில் செய்வோருக்குத் தெரியும்.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. லாபம் ஈட்டி முறைப்படி வரி செலுத்தும் நிறுவனத்துக்கே தேய்மானச் சலுகையால் பயன் உண்டு. உத்தேச வருமான முறையில் வரி செலுத்தும் சிறு வணிகர் தனியே தேய்மானம் கோர வழியே இல்லை. நஷ்டத்துக்கும் லாபத்துக்கும் நடுவே ஊசலாடும் பட்டறை உரிமையாளருக்கு, கழிப்பதற்கு வரியே இருக்காது.

கடன் விஷயத்திலும் இதே கதை. மேற்கூரைத் திட்டங்களுக்காக 62.5 கோடி டாலர் வழங்க உலக வங்கி 2016-இல் பாரத ஸ்டேட் வங்கியுடன் உடன்பாடு செய்துகொண்டது. பணம் இல்லாமல் இல்லை. ஆனால், வங்கி எதிர்பார்க்கும் தணிக்கைக் கணக்கும் அடமானமும் எத்தனை சிறுதொழில்களிடம் இருக்கும்? பெரிய நிறுவனத்துக்கு 9 சதவீத வட்டி, சிறிய நிறுவனத்துக்கு 14 சதவீத வட்டி என்று கொண்டால், 50 லட்சம் ரூபாய்க்கு முதலாண்டு வட்டியில் மட்டும் இரண்டரை லட்சம் வித்தியாசம். அதே தகடு, அதே வெயில். கணக்கு மட்டும் வேறு.

முதலீடே போடாமல் சூரிய மின்சாரம் பெறும் வழியும் உண்டு. வேறொரு நிறுவனம் தன் செலவில் தகடுகளைப் பொருத்தும். கூரைக்கு உரியவர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று செலுத்தினால் போதும். ஆனால், அந்த நிறுவனமும் 15, 20 ஆண்டுகளுக்குத் தவறாமல் பணம் செலுத்தக்கூடிய வாடிக்கையாளரைத்தான் தேடும். தில்லியின் ஓக்லாவிலோ பவானாவிலோ வாடகைக் கொட்டகையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பட்டறை நடத்துபவரை அது தேடி வராது. கூரை அவருடையதல்ல, அடுத்த ஆண்டு அவர் அங்கே இருப்பாரா என்பதும் உறுதியல்ல. மின்வெட்டு நேரத்தில் அவர் ஓட்டும் டீசல் ஜெனரேட்டரின் மின்சாரம் யூனிட் 20 ரூபாயைத் தாண்டுகிறது. மலிவான மின்சாரம் யாருக்கு மிக அவசியமோ, அவருக்கே அது எட்டாக்கனியாக இருக்கிறது.

அடுத்தது விதிகளின் நிலையாமை. ஒருவர் தன் கூரையிலிருந்து கட்டமைப்புக்குக் கொடுக்கும் யூனிட்டை, அவர் வாங்கும் யூனிட்டிலிருந்து நேராகக் கழிப்பது நிகர அளவீட்டு முறை. 2020 டிசம்பர் இறுதியில் மத்திய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள், இந்த வசதியை 10 கிலோவாட்டுடன் நிறுத்தின. அதற்கு மேற்பட்டோர் தாங்கள் உற்பத்தி செய்வது முழுவதையும் மின்பகிர்மான நிறுவனத்துக்குக் குறைந்த விலைக்கு விற்று, தங்கள் தேவை முழுவதையும் வழக்கமான விலைக்கு வாங்க வேண்டும் என்றானது. தொழில்துறையினர் கொதித்தெழுந்தனர். ஆறே மாதங்களில், 2021 ஜூனில், உச்சவரம்பு 500 கிலோவாட்டாக உயர்த்தப்பட்டது. 2023 ஜூனில் மற்றொரு திருத்தம் வந்தது. 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வணிக, தொழில் நுகர்வோருக்கு 2024 ஏப்ரல் முதல், வெயில் நேரத்தில் கட்டணம் வழக்கமானதைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்தில் 1.2 மடங்குக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்றது அது.

கட்டமைப்பின் கண்ணோட்டத்தில் இது நியாயமான ஏற்பாடுதான். ஆனால், வெயில் நேர மின்சாரம் மலிவானால் கூரைத் தகடு தரும் மிச்சமும் சுருங்கும் என்பதை 2022-இல் கடன் வாங்கித் தகடு பொருத்தியவரிடம் யார் சொன்னார்கள்? மாநிலங்களும் தம் பங்குக்குக் கட்டணங்களைச் சேர்க்கின்றன. தமிழகத்தில் மேற்கூரை மின்சாரத்துக்கு விதிக்கப்பட்ட நெட்வொர்க் கட்டணம், சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களின் எதிர்ப்பையடுத்து 2023-இல் அவற்றுக்குப் பாதியாகக் குறைக்கப்பட்டது. 25 ஆண்டு முதலீட்டின் தலையெழுத்தை ஆறு மாத விதிகள் தீர்மானிக்கும் நிலையில், அடி தாங்கும் வலிமை உள்ளவர்களே களத்தில் இறங்குவார்கள்.

மின்பகிர்மான நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நண்பகலில் மின்சாரம் தாராளமாகவும் மலிவாகவும் கிடைக்கிறது, தட்டுப்பாடு மாலையில்தான். நண்பகல் யூனிட்டைக் கொடுத்துவிட்டு மாலை யூனிட்டைப் பெறுவது நுகர்வோருக்கு லாபம், நிறுவனத்துக்கு நஷ்டம். கூரையில் தகடு வைத்தவருக்கும் மின்கம்பியும் மின்மாற்றியும் தேவைப்படுகின்றன; அவற்றின் செலவை யாராவது ஏற்கத்தானே வேண்டும்?

ஆனால், அவர்களுக்கு உண்மையான இழப்பு சிறிய கூரைகளிலிருந்து வரவில்லை. சொந்த மின் உற்பத்திக்குக் கூடுதல் வரி கிடையாது என்கிறது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம். ஒரு மின்நிலையத்தில் 26 சதவீதப் பங்கு வைத்து, அதன் மின்சாரத்தில் 51 சதவீதத்துக்குக் குறையாமல் பயன்படுத்துவோரும் சொந்த உற்பத்தியாளர்களே என்கின்றன 2005-ஆம் ஆண்டு விதிகள். 2022 ஜூனில் வந்த பசுமை எரிசக்தி விதிகள், தொலைவிலிருந்து மின்சாரம் வாங்குவதற்கான வரம்பை ஒரு மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாகக் குறைத்தன. தில்லி மெட்ரோ ரயில் நிறுவனம் பல நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரேவாவிலிருந்து சூரிய மின்சாரம் பெறுகிறது. அதில் தவறேதும் இல்லை. ஆனால், அதிகக் கட்டணம் செலுத்தும் பெரிய நுகர்வோர் ஒவ்வொருவராக வெளியேறும்போது, அவர்கள் சுமந்த குறுக்கு மானியம் காற்றில் கரைந்துவிடுவதில்லை. வெளியேற வழியற்ற சிறு தொழில்கள், கடைகள், நடுத்தரக் குடும்பங்கள் மீதும் மாநில அரசின் கருவூலத்தின் மீதும் அது வந்து விழுகிறது. பெரியவர்களின் சேமிப்பு சிறியவர்களின் செலவாகிறது.

நாடாளுமன்றம் இதை எப்படி எதிர்கொண்டது? 2022 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான மின்சாரச் சட்டத் திருத்த மசோதா அன்றே நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. 2024-இல் அவையின் பதவிக்காலத்துடன் காலாவதியானது. 2025 அக்டோபரில் கருத்துக் கேட்புக்கு வெளியான புதிய வரைவு, உற்பத்தித் தொழில்கள், ரயில்வே, மெட்ரோ மீதான குறுக்கு மானியச் சுமையை ஐந்தாண்டுகளில் நீக்குவதை முன்மொழிந்தது. அந்த இடத்தை எந்தப் பணத்தைக் கொண்டு நிரப்புவது என்பதே மாநிலங்களின் கவலை. 2022-க்குள் 40 ஆயிரம் மெகாவாட் மேற்கூரை மின்சாரம் என்ற இலக்கில் கால் பங்குகூட அந்தக் கெடுவுக்குள் எட்டப்படவில்லை. 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டம் 75 ஆயிரம் கோடி ரூபாயில் ஒரு கோடி வீடுகளைக் குறிவைத்தது. வரவேற்கத்தக்கதுதான். அதில் சிறு தொழிலுக்கு இடமில்லை.

தொழில்களுக்கு மானியம் வழங்க வேண்டும் என்பதல்ல வாதம். லாபம் தரும் முதலீட்டுக்கு மானியம் தேவையில்லை. தேவைப்படுபவை மூன்று.

முதலாவது, விதி உறுதி. தகடு பொருத்தப்பட்ட நாளில் இருந்த அளவீட்டு முறையும் கட்டணமும் குறைந்தது பத்தாண்டுகளுக்கு மாறாது என்று சட்டமே உத்தரவாதம் தர வேண்டும். கம்பிக்கும் மின்மாற்றிக்கும் கட்டணம் வாங்குவதானால், அதை முன்கூட்டியே அறிவித்து, பெரியவர் சிறியவர் எல்லோரிடமும் ஒரே அளவுகோலில் வாங்கட்டும்.

இரண்டாவது, கடன். தேய்மானச் சலுகையால் அரசு முன்கூட்டியே விட்டுக்கொடுக்கும் வரியில் ஒரு சிறு பங்குக்கு ஈடான தொகையைச் சிறு தொழில்களின் சூரிய மின்கடனுக்கு உத்தரவாத நிதியாக ஒதுக்கலாம். மாதம் மிச்சமாகும் மின்கட்டணமே தவணையைச் செலுத்தும் என்றால், அடமானம் கேட்க வேண்டிய அவசியம் என்ன?

மூன்றாவது, கூரை இல்லாதவருக்கும் பங்கு. தொழிற்பேட்டைக்குப் பொதுவாக ஒரு சூரிய மின்நிலையம். அதன் உற்பத்தி, வாடகைக் கொட்டகைகளின் மின்கணக்குகளில் பங்குக்கேற்ப வரவு வைக்கப்பட வேண்டும். கொட்டகை மாறினாலும் பங்கு உடன் செல்ல வேண்டும். பெரிய நிறுவனங்கள் 26 சதவீதப் பங்கு வாங்கிப் பெறும் அதே வசதிதான் இது.

சூரிய மின்சாரம் லாபகரமானதா என்ற கேள்விக்குக் கொச்சி விமான நிலையம் பத்தாண்டுகளுக்கு முன்பே விடை சொல்லிவிட்டது. ஓக்லாவின் வாடகைக் கொட்டகைக்கு அந்த விடை எப்போது போய்ச் சேரும் என்பதுதான் எஞ்சியிருக்கும் கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியது சூரியன் அல்ல. சட்டம் இயற்றும் அவை.