உழைத்து ஓய்ந்தவருக்கு ஊர் எது?



2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 100க்கு 8.6 பேர். தமிழ்நாட்டில் அப்போதே 10.4 பேர். 2031இல் தமிழ்நாட்டில் இது 18ஐத் தாண்டும் என்று மத்திய அரசின் மதிப்பீடே சொல்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதுமையடைந்து வருவது தமிழ்நாடுதான்.

இதைக் கேட்டுத் தலையில் கை வைப்பவர்கள் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. பிறந்த குழந்தை பிழைப்பதும், அம்மையிலும் காலராவிலும் மாண்டுபோன மக்கள் எழுபது எண்பது வயது வாழ்வதும் சமுதாயத்தின் வெற்றியே. கூடிய அந்த ஆயுளை எதைச் சாப்பிட்டு, யார் நிழலில் கழிப்பது என்பதுதான் கேள்வி. உத்தியோகஸ்தருக்கு ஒரு பதில் இருக்கிறது. நிலம் உள்ளவருக்கு ஒரு பதில் இருக்கிறது. கடல் தாண்டி வந்த கூலிக்காரனுக்கு என்ன பதில்?

2011 கணக்கில் இத்தீவுகளின் மக்கள் 3,80,581 பேர். அவர்களில் 100க்கு 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். திக்லிபூரில் 1950களில் கிழக்கு வங்காள அகதிகளுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். அதில் நமக்குப் பொறாமை இல்லை. அவர்களும் வீடிழந்து வந்தவர்களே. ஆனால் ரோடு போடவும், கட்டடம் கட்டவும், மூட்டை தூக்கவும் பின்னால் வந்த நம்மவரில் பெரும்பாலோருக்குக் கூலியைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. 1964 ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் சிலவற்றைக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் அமர்த்தினார்கள். அன்று இளைஞராக வந்தவர்கள் இன்று கோலூன்றி நடக்கிறார்கள்.

நம்மவரின் கஷ்டம் இரட்டைக் கஷ்டம். ஊரில் தாய் தகப்பன் தனியே கிடக்கிறார்கள். இங்கே நாமே கிழவராகிக்கொண்டிருக்கிறோம். ஊருக்குத் திரும்பினால், "இத்தனை வருஷம் எங்கே இருந்தாய்? ரேஷன் கார்டு எங்கே?" என்று கேட்கிறார்கள். இங்கே கேட்டால், "எத்தனை வருஷமாக இருக்கிறாய்? ஆதாரம் எங்கே?" என்கிறார்கள். ஒரு காண்டிராக்டரிடம் இருபது வருஷம் உழைத்தவன் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பி.எஃப். பிடித்தமும் இல்லை, பெயர் ஏறிய பதிவேடும் இல்லை.

"பெற்றவரைக் காப்பது பிள்ளையின் கடமை, அரசிடம் கை ஏந்தலாமா?" என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். கடமைதான். 2007இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் அதைச் சட்டப்படியான கடமையாகவே ஆக்கியது. மாதம் 10,000 ரூபாய் வரை பிள்ளைகளிடம் வாங்கித் தரத் தீர்ப்பாயம் அமைத்தது. பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிக் கைவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யவும் வழி வைத்தது. நல்ல சட்டம். ஆனால் எழுதிக் கொடுக்கச் சொத்தில்லாத தகப்பனுக்கும், மழை பெய்தால் வேலையில்லாத மகனுக்கும் இந்தச் சட்டம் என்ன செய்யும்? இல்லாதவனிடமிருந்து இல்லாதவனுக்கு எதை வாங்கிக் கொடுப்பது?

கடமை எனும்போது அதைச் சுமப்பது யார் என்றும் பார்க்க வேண்டும். பகலில் கூலிக்குப் போய், இரவில் படுத்த படுக்கையான மாமியாரைத் துடைத்து எடுப்பவள் மருமகள். அவள் உழைப்புக்குக் கணக்கே கிடையாது. அவளுக்கு வயதாகும்போது அவளைப் பார்ப்பது யார்?

அரசு தருவதைப் பாருங்கள். 1995இல் மத்திய அரசு முதியோர் பென்ஷனை 75 ரூபாயில் தொடங்கியது. பிறகு 200 ஆக்கியது; 80 வயதானால் 500. அரிசி விலையும் கப்பல் கட்டணமும் அந்த 200 ரூபாயோடு நின்றுவிட்டனவா? தமிழ்நாடு அரசு 1962லேயே முதியோர் உதவித் தொகையைத் தொடங்கியது. 2023இல் அதை 1,200 ரூபாயாக உயர்த்தியது. 2019இல் அமைப்புசாராத் தொழிலாளருக்கென மாதம் 3,000 ரூபாய் பென்ஷன் திட்டம் வந்தது. அதில் சேர வயது வரம்பு 40 என்றார்கள். நாற்பதைக் கடந்துவிட்டவன் என்ன பாவம் செய்தான்?

2024இல் 70 வயதானோர் அனைவருக்கும் 5 லட்சம் ரூபாய் வரை இலவச சிகிச்சை என்று அறிவித்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் திக்லிபூரில் இருப்பது சமுதாய நல மையம். பெரிய வைத்தியத்துக்கு 300 கிலோமீட்டர் அளவு தெற்கே, ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயருக்குப் போக வேண்டும். வழியில் ஜாரவா காட்டுப் பாதையில் குறித்த நேரத்தில் மட்டுமே வண்டிகளை விடுவார்கள். இடுப்பெலும்பு முறிந்த கிழவியை அந்தப் பாதையில் கொண்டுபோய்ப் பார்த்தவருக்குத்தான் அட்டையின் அருமை தெரியும்.

ஜப்பான் 2000ஆம் ஆண்டிலேயே முதியோர் பராமரிப்புக்குக் காப்பீடு கொண்டுவந்தது. 40 வயதானவர் எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். வீட்டுக்கே ஆள் வந்து கவனிக்க வழி இருக்கிறது. அவ்வளவு செல்வம் நம்மிடம் இல்லை. ஆனால் முதுமை ஒரு வீட்டின் பிரச்சினை அல்ல, நாட்டின் பொறுப்பு என்ற கொள்கைக்குப் பணம் தேவையில்லை.

ஆகவே நாம் கோருவது:

1. முதியோர் பென்ஷனை விலைவாசியோடு இணைத்து உயர்த்த வேண்டும்.

2. தொழிலாளி எந்த மாநிலத்தில் உழைத்திருந்தாலும், முதுமையில் எங்கே வசித்தாலும், அங்கே பென்ஷன் கிடைக்க வேண்டும்.

3. திக்லிபூரில் முதியோருக்கென மாதந்தோறும் சிறப்பு மருத்துவர் முகாம் வேண்டும். மேல்சிகிச்சைக்குப் போகும் முதியவருக்கும் துணைக்குச் செல்பவருக்கும் இலவசப் பயணம் வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. பங்குனி உத்திரத்துக்கு வீடு வீடாக வசூல் செய்யத் தெரிந்த நமக்கு, வீடு வீடாகப் போய் முதியவர் பட்டியல் எடுக்கத் தெரியாதா? யாருக்கு வயதுச் சான்று இல்லை, யாருக்குப் பென்ஷன் வரவில்லை, யார் தனியே இருக்கிறார் என்று ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டில் எழுதட்டும். நாற்பதைத் தாண்டாத ஒவ்வொரு தம்பியையும் தங்கையையும் இப்போதே திட்டங்களில் பதிவு செய்யட்டும். மனு எழுதத் தெரிந்தவர் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கட்டும்.

ஒரு முதியவர் தனியே போய் நின்றால் ஆபீஸ் வாசலில் நாளெல்லாம் காத்திருப்பார். ஐம்பது பேரின் மனுக்களோடு சங்கம் போனால் நாற்காலி போடுவார்கள். பட்டியலை இந்த மாதமே தொடங்குவோம்!