71 பக்கத்தில் ஊரை எழுதி வாங்கலாமா?

பெரிய கடை ஒன்று ஊருக்குள் வருவதை யாராவது எதிர்த்தால் உடனே கிடைக்கும் பட்டம், "வளர்ச்சிக்கு எதிரி". விலை குறையும், வேலை கிடைக்கும், அப்புறம் என்ன கஷ்டம் என்பார்கள். நுகர்வோர் உபரிக்குப் படம் போட்டு மார்க் வாங்கிய காமர்ஸ் கூட்டமும் அப்படித்தான் கேட்கிறது. அவர்கள் இங்கிள்வுட் கதையைக் கொஞ்சம் படிக்கட்டும்.

இங்கிள்வுட், லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய ஊர். கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும்தான் அங்கே பெரும்பான்மை. குதிரைப் பந்தய மைதானத்துக்குப் பக்கத்தில் 60 ஏக்கரில் கடை கட்ட வந்தது வால்மார்ட். நகர மன்றத்தில் பெரும்பாலானோர் மசியவில்லை. சரி, மன்றம் எதற்கு என்று கையெழுத்து திரட்டி, 2004 ஏப்ரல் 6 அன்று விஷயத்தை நேரே ஓட்டுக்கு விட்டது.

"கடை வேண்டுமா, வேண்டாமா" என்று மட்டும் கேட்டிருந்தால் வம்பே இல்லை. ஆனால் அந்தத் தீர்மானம் 71 பக்கம்! சுற்றுச்சூழல், போக்குவரத்து ஆய்வு கிடையாது. மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் கிடையாது. பின்னால் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். உள்ளே வர பாதிக்கு மேல் ஒரு ஓட்டு போதும், கேள்வி கேட்க மூன்றில் இரண்டு... நல்ல கணக்கு!

விலை குறையும் என்பது பொய்யல்ல. ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் வேலை? 2003 அக்டோபரில், வால்மார்ட் போட்டியைக் காரணம் காட்டி மருத்துவச் சலுகையைக் குறைக்கப் பார்த்தன தென் கலிபோர்னியாவின் சூப்பர்மார்க்கெட்டுகள். பல்லாயிரம் ஊழியர்கள் நாலரை மாதம் தெருவில் நின்றார்கள். கடைசியில் புதிதாகச் சேர்பவர்களின் சம்பளமும் சலுகையும் குறைந்தன. கடை வருவதற்கு முன்பே இந்த லட்சணம்.

10 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தும் வால்மார்ட் தோற்றது. 60 சதவீதத்துக்கும் அதிகமானோர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். கடையைப் பிடிக்காதவர்கள் மட்டுமா அத்தனை பேரும்? ஊரின் சாவியைக் கேட்டதுதான் பலருக்கு உறுத்தியது.

ஆனால் சாவி கேட்கும் வழி சாகவில்லை. கலிபோர்னியாவின் சொனோரா என்ற சிற்றூரில் வால்மார்ட் கடையைப் பெரிதாக்கும் வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. போதுமான கையெழுத்தோடு வரும் தீர்மானத்தை, சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல், ஓட்டுக்கும் விடாமல் மன்றமே நிறைவேற்றலாம் என்று 2014-இல் தீர்ப்பானது.

அதே 2014-இல் இங்கிள்வுட்டின் அந்த 60 ஏக்கரை வாங்கியவர் ஸ்டான் குரோங்கி. (வால்மார்ட் நிறுவனர் சாம் வால்டனின் தம்பி மருமகன். சொந்தம் விட்டுப் போகுமா?) அங்கே ஒரு பிரம்மாண்ட கால்பந்து ஸ்டேடியம் கட்டும் திட்டத்துக்குக் கையெழுத்துகள் வந்தன. 2015 பிப்ரவரி 24 அன்று மன்றம் 5-0 என நிறைவேற்றியது. 2004-இல் ஓட்டுப் போட்டுத் தடுத்த மக்களிடம் இந்த முறை ஓட்டே கேட்கவில்லை.